கேபிள் செருகியும் கம்ப்யூட்டரில் மொபைல் தெரியவில்லையா?

மொபைலைக் கேபிள் வழியாகக் கம்ப்யூட்டரில் இணைத்திருக்கிறீர்கள். சார்ஜ் ஏறுகிறது; ஆனால் 'திஸ் பிசி'யில் மொபைலின் பெயரைக் காணோம். அல்லது பெயர் இருக்கிறது, திறந்தால் உள்ளே ஒன்றுமே இல்லை. அல்லது திரையின் மூலையில் 'யுஎஸ்பி டிவைஸ் நாட் ரெகக்னைஸ்டு' என்று ஒரு பெட்டி வந்துவிட்டு மறைகிறது. இவை மூன்றும் வெவ்வேறு கோளாறுகள். எதுவாக இருந்தாலும் இணையத்தில் தேடி ஏதோ ஒரு 'டிரைவர்' சாஃப்ட்வேரை இறக்கிப் போடுவதுதான் பலரும் முதலில் செய்வது. அதைச் செய்யாதீர்கள். இந்த அத்தியாயத்தில் நாம் எந்த டிரைவரையும் இணையத்தில் தேடி இறக்கப் போவதில்லை.

கொடைக்கானல் மலையடிவாரத்தில் உள்ள வத்தலக்குண்டில் இந்தச் சிக்கலோடு வருபவர்களைப் பார்த்துத்தான் கீழே உள்ள வரிசையை அமைத்திருக்கிறேன். கொடைக்கானலிலிருந்து இறங்கியவர்களின் மொபைலில் படமெடுக்க இடமில்லை. லேப்டாப்பில் மாற்றிவிட்டு மதுரைக்குப் போக வேண்டும். இ-சேவை மையத்தில் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க வந்தவரின் ஆவணங்கள் மொபைலுக்குள் இருக்கின்றன; கவுன்டர் கம்ப்யூட்டருக்கு வர மறுக்கின்றன. இன்னொருவரிடம் 2018-ல் கொடைக்கானல் மலையில் குறிஞ்சி பூத்தபோது எடுத்த படங்கள், பீரோவில் கிடக்கும் பழைய மொபைலில் இருக்கின்றன. அடுத்த பூப்பு 2030-ல்தான். இவர்கள் எல்லோருக்கும் மொபைலைவிட உள்ளே இருப்பதுதான் முக்கியம். ஆகவே முதல் விதி: கம்ப்யூட்டர் மொபைலைக் கண்டுகொள்ளவில்லை என்பதற்காக ஒருபோதும் 'ஃபேக்டரி ரீசெட்' செய்யாதீர்கள். ரீசெட் செய்தால் கேபிள் கோளாறு அப்படியே இருக்கும். படங்கள் மட்டும் போய்விடும்.

தொடங்கும் முன் நான்கு எச்சரிக்கைகள்

1. பல மாதங்கள் சும்மா கிடந்த பழைய மொபைலை எடுத்தவுடனே கேபிளில் போடாதீர்கள். முதலில் சமதரையில் வைத்துப் பாருங்கள். பின்மூடி புடைத்திருந்தாலோ, திரை ஓரத்தில் விலகி நின்றாலோ பேட்டரி ஊதியிருக்கிறது. அதற்கு மின்சாரம் கொடுக்கக் கூடாது, அழுத்தக் கூடாது, குத்தக் கூடாது. நேராகப் பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோங்கள். வேறு பேட்டரி போட்ட பிறகு படங்களை எடுத்துக்கொள்ளலாம்.

2. மேசைக் கம்ப்யூட்டரின் இரும்புப் பெட்டியைத் தொட்டால் சுர்ரென்று இழுக்கிறதா? அந்த வீட்டு பிளக் பாயின்டில் எர்த் சரியில்லை. அந்தக் கம்ப்யூட்டரில் மொபைலைச் செருகினால் கேபிளின் உலோக முனை, மொபைலின் உலோகச் சட்டம் இரண்டிலும் அதே மின்கசிவு வரும். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சரிசெய்யும்வரை பேட்டரியில் ஓடும் லேப்டாப்பைப் பயன்படுத்துங்கள்.

3. ஐப்பசி, கார்த்திகையில் மலைப்பக்கம் இடி முழங்கும் மாலை வேளைகளில் இந்த வேலையைத் தள்ளிப்போடுங்கள். கம்ப்யூட்டரின் பிளக்கையும், டெலிபோன் லைன் வழியாக இன்டர்நெட் வந்தால் அந்த ஒயரையும் பிடுங்கி வைப்பது நல்லது.

4. முன்பின் தெரியாத கம்ப்யூட்டரில் மொபைலை இணைத்து, திரையில் வரும் கேள்விகளுக்கெல்லாம் 'அலோ' தட்டாதீர்கள். பொது இடத்து யுஎஸ்பி துளைகள் வழியாகத் தகவல் திருடப்படலாம் என்று ரிசர்வ் வங்கி 2022-ல் வெளியிட்ட மோசடி விழிப்புணர்வுக் கையேடும் எச்சரித்திருக்கிறது. ஏமாந்து பணம் போய்விட்டால் உடனே 1930-க்கு அழையுங்கள்.

அறிகுறி எது?

வேலையில் இறங்கும் முன் ஒரு நிமிடம் கவனியுங்கள். கேபிளைச் செருகும்போது என்ன நடக்கிறது என்பதுதான் எங்கே தொடங்க வேண்டும் என்று சொல்லும்.

சார்ஜும் ஏறவில்லை, கம்ப்யூட்டரில் சத்தமும் இல்லை என்றால் கேபிள் அல்லது மொபைலின் சார்ஜிங் துளை. இரண்டாம், மூன்றாம் படிகள்.

சார்ஜ் ஏறுகிறது, கம்ப்யூட்டர் 'டிங்' என்று ஒலிக்கவே இல்லை என்றால் பெரும்பாலும் கேபிள். இரண்டாம் படி.

சார்ஜ் ஏறுகிறது, ஒலியும் கேட்கிறது, ஆனால் மொபைல் தெரியவில்லை, அல்லது காலியாகத் தெரிகிறது என்றால் மொபைலில் ஒரு விருப்பத்தைத் தேர்வு செய்யாமல் விட்டிருக்கிறீர்கள். முதல் படியே பெரும்பாலும் போதும்.

ஒலி விட்டுவிட்டுத் திரும்பத் திரும்பக் கேட்கிறது என்றால் எங்கோ தொடர்பு ஆடுகிறது. கேபிள், துளை, கம்ப்யூட்டரின் யுஎஸ்பி பாயின்ட் மூன்றையும் பார்க்க வேண்டும்.

படி 1: மொபைலிடம் அனுமதி வாங்குங்கள்

பழைய ஆண்ட்ராய்டு மொபைல்களில் கேபிளைச் செருகினாலே படங்கள் தெரிந்தன. 2015-ல் வந்த ஆண்ட்ராய்டு 6-இலிருந்து அந்த வழக்கம் மாறிவிட்டது. இப்போது மொபைல் 'சார்ஜ் மட்டும்' என்ற நிலையில்தான் இணையும்; கோப்புகளைக் காட்டும்படி நீங்கள்தான் சொல்ல வேண்டும். தெரியாத கம்ப்யூட்டர்கள் உள்ளே நுழையாதிருக்கச் செய்த ஏற்பாடு இது. இதைக் கோளாறு என்று நினைத்துக்கொண்டு வருபவர்கள்தான் அதிகம்.

1. கேபிளைச் செருகிய பிறகு மொபைலின் பூட்டைத் திறங்கள். பின் நம்பரோ கைரேகையோ போட்டு முகப்புத் திரைவரை வர வேண்டும். பூட்டியிருந்தால் கம்ப்யூட்டரில் பெயர் மட்டும் வரும், உள்ளே வெறுமையாக இருக்கும்.

2. திரையின் மேலிருந்து கீழே இழுங்கள். 'சார்ஜிங் திஸ் டிவைஸ் வயா யுஎஸ்பி' என்பதுபோல ஓர் அறிவிப்பு இருக்கும். அதைத் தட்டுங்கள், சில மொபைல்களில் இரண்டு முறை தட்ட வேண்டும்.

3. வரும் பட்டியலில் 'ஃபைல் டிரான்ஸ்ஃபர்' என்பதைத் தேர்வு செய்யுங்கள். சில நிறுவனங்களின் மொபைலில் அது 'எம்டிபி' என்றோ 'டிரான்ஸ்ஃபரிங் ஃபைல்ஸ்' என்றோ இருக்கும். 'அலோ ஆக்சஸ் டு போன் டேட்டா?' என்று கேட்டால், கம்ப்யூட்டர் உங்களுடையதாகவோ நம்பிக்கையானவருடையதாகவோ இருந்தால் 'அலோ' கொடுங்கள்.

4. கம்ப்யூட்டரில் 'திஸ் பிசி'யைத் திறந்து சில விநாடிகள் பொறுங்கள். படம் நிறைய உள்ள மொபைல் பட்டியலைக் காட்டக் கொஞ்சம் நேரம் எடுக்கும்.

குறிப்பு: இரண்டு பக்கமும் டைப்-சி முனை உள்ள கேபிளில் இணைத்தால், 'யுஎஸ்பி கன்ட்ரோல்டு பை' என்று ஒரு கேள்வி அதே பக்கத்தில் இருக்கும். அது 'திஸ் டிவைஸ்' என்று நின்றால் ஃபைல் டிரான்ஸ்ஃபர் மங்கலாகத் தெரியும், தட்ட முடியாது. 'கனெக்டட் டிவைஸ்' என்று மாற்றுங்கள்.

குறிப்பு: ஃபைல் டிரான்ஸ்ஃபர் எவ்வளவு தட்டியும் ஒட்டவில்லை, உங்களுக்கு வேண்டியது படங்கள் மட்டும்தான் என்றால், அதே பட்டியலில் உள்ள 'பிடிபி'யைத் தட்டிப் பாருங்கள். அப்போது கம்ப்யூட்டர் மொபைலை ஒரு கேமராவாக எடுத்துக்கொள்ளும். டிசிஐஎம் ஃபோல்டரில் உள்ள படங்களும் வீடியோக்களும் வந்துவிடும். மற்ற கோப்புகள் வராது. பழைய கம்ப்யூட்டர்களில் இந்த வழி பல தடவை கைகொடுக்கும்.

அறிவிப்பே வராத மொபைல்களுக்கு இன்னொரு வழி உண்டு. செட்டிங்ஸில் 'அபவுட் போன்' பகுதிக்குப் போய் 'பில்டு நம்பர்' என்பதை ஏழு முறை தட்டினால் 'டெவலப்பர் ஆப்ஷன்ஸ்' திறக்கும். அதில் 'டீஃபால்ட் யுஎஸ்பி கான்ஃபிகரேஷன்' என்பதை ஃபைல் டிரான்ஸ்ஃபர் என்று மாற்றலாம். அதன் அருகிலேயே 'யுஎஸ்பி டீபக்கிங்' இருக்கும். அதைத் தொடாதீர்கள், கோப்புகளை நகலெடுக்க அது தேவையே இல்லை. வேலை முடிந்ததும் டெவலப்பர் ஆப்ஷன்ஸையும் அணைத்துவிடுங்கள். அது திறந்திருந்தால் சில வங்கிச் செயலிகள் இயங்க மறுக்கும்.

படி 2: கேபிளைச் சந்தேகியுங்கள்

முதல் படி பலிக்கவில்லை என்றால், என் அனுபவத்தில் பெரும்பாலும் குற்றவாளி கேபிள்தான். சாதாரண யுஎஸ்பி கேபிளை நறுக்கிப் பார்த்தால் உள்ளே நான்கு மெல்லிய ஒயர்கள் இருக்கும்: சிவப்பு, கறுப்பு, வெள்ளை, பச்சை. சிவப்பும் கறுப்பும் மின்சாரத்துக்கு. வெள்ளையும் பச்சையும்தான் தகவலைக் கொண்டுபோகின்றன. மலிவான சில கேபிள்களில் சிவப்பும் கறுப்பும் மட்டுமே இருக்கும். அதில் சார்ஜ் நன்றாக ஏறும். ஒரு படம்கூடப் போகாது. இன்னும் சில கேபிள்களில் நான்கும் இருந்திருக்கும், முனையருகே மடங்கி மடங்கி வெள்ளையோ பச்சையோ அறுந்திருக்கும்.

பயணத்தின் நடுவில் சார்ஜ் தீர்ந்து பஸ் ஸ்டாண்டு அருகே அவசரமாக வாங்கிய கேபிள், பவர் பேங்கோடு வந்த முழநீளக் கேபிள், டிரிம்மரோடு வந்த கேபிள் ஆகியவற்றை முதலில் ஒதுக்கி வையுங்கள்.

1. மொபைல் வாங்கியபோது பெட்டியில் வந்த கேபிளைத் தேடி எடுங்கள். அது இல்லையென்றால், வேறு யாருடைய மொபைலையாவது கம்ப்யூட்டரில் காட்டிய கேபிளை இரவல் வாங்குங்கள். நல்லது என்று தெரிந்த கேபிளால் சோதிப்பதுதான் சோதனை. தெரியாத கேபிளுக்குப் பதில் இன்னொரு தெரியாத கேபிளைப் போட்டால் ஒன்றும் விளங்காது.

2. டைப்-சி முனையாக இருந்தால் ஒருமுறை கழற்றித் திருப்பிச் செருகுங்கள். எப்படிச் செருகினாலும் ஒன்றுதான் என்று சொல்வார்கள்; சார்ஜுக்கு அது சரி. ஆனால் மொபைலின் துளையில் தகவலுக்கான தொடுமுனைகள் மேலும் கீழுமாக இரண்டு ஜோடி இருக்கின்றன, கேபிளின் முனையில் ஒரு ஜோடிதான். ஒரு பக்கத்து முனைகள் தேய்ந்தோ அழுக்கேறியோ இருந்தால், திருப்பிச் செருகும்போது மறு ஜோடி வேலை செய்யும். காசு செலவில்லாத இந்தச் சோதனையை யாரும் செய்வதில்லை.

3. முனையருகே கேபிளை லேசாக வளைத்துப் பாருங்கள். வளைக்கும்போது டிங் ஒலி வந்து வந்து போனால் உள்ளே ஒயர் அறுந்திருக்கிறது. டேப் சுற்றி ஓட்டாதீர்கள். பாதிப் படங்கள் நகலாகும்போது அது அறுந்தால் கோப்புகள் கெடும்.

4. புதிது வாங்கினால் கடையில் "சார்ஜ் ஏறுமாண்ணே?" என்று கேட்காதீர்கள்; ஏறும் என்றுதான் பதில் வரும். "டேட்டா போகுமா?" என்று கேளுங்கள். முடிந்தால் கடைக் கம்ப்யூட்டரிலேயே உங்கள் மொபைலைச் செருகி, ஒலி வருகிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

நல்ல கேபிள் ஒன்று கிடைத்துவிட்டால் அதில் ஒரு சிறு டேப்பை ஒட்டி 'டேட்டா' என்று எழுதி, கம்ப்யூட்டர் மேசை டிராயரில் தனியாக வைத்துவிடுங்கள். படுக்கையோரச் சார்ஜருக்கு அதை எடுத்துப்போக வீட்டில் யாரையும் விடாதீர்கள்.

படி 3: சார்ஜிங் துளையைச் சுத்தம் செய்யுங்கள்

சட்டைப் பையில் மொபைலைத் தலைகீழாக வைக்கும் பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு. பையின் பஞ்சுத் தூசி கொஞ்சம் கொஞ்சமாகத் துளைக்குள் போகிறது. ஒவ்வொரு முறை கேபிளைச் செருகும்போதும் அது அடியில் போய் அழுந்துகிறது. தென்னந்தோப்பிலும் மில்லிலும் வேலை செய்பவர்களின் மொபைலில் நார்த்தூள் வேறு சேர்கிறது. ஓராண்டு பயன்பட்ட மொபைலின் துளையிலிருந்து வெளியே வருவதைப் பாருங்கள்: சாம்பல் நிறத்தில், கம்பளித் துண்டுபோல் கெட்டித்துப் போன தகடு. அதன்மேல் மோதி நிற்கும் கேபிள் முனை ஒரு மில்லிமீட்டர் வெளியே துருத்திக்கொண்டிருக்கும். மின்சாரம் எப்படியோ போய்விடும். தகவல் முனைகள் தொடாது.

சுத்தம் செய்ய வேண்டுமா என்று அறிய, கேபிள் முனை முழுதாக உள்ளே போய் 'கிளிக்' என்று உட்காருகிறதா பாருங்கள். மொபைலைக் கையில் பிடித்துக் கேபிளைக் கீழே தொங்கவிட்டால் உடனே நழுவுகிறது என்றால் உள்ளே அழுக்கு இருக்கிறது.

1. மொபைலை முழுதாக அணையுங்கள். திரையை அணைத்தால் போதாது. பவர் ஆஃப் செய்ய வேண்டும்.

2. நல்ல வெளிச்சத்தில், இன்னொரு மொபைலின் டார்ச்சை அடித்துத் துளைக்குள் பாருங்கள். டைப்-சியில் நடுவே ஒரு மெல்லிய நாக்கு தெரியும். அதன் இரு பக்கமும்தான் தொடுமுனைகள். அந்த நாக்கு உடைந்தால் துளையையே மாற்ற வேண்டியிருக்கும்.

3. பல் குத்தும் மரக்குச்சியை நுனியில் சீவி மெலிதாக்குங்கள். நாக்கைத் தொடாமல், துளையின் ஓரச் சுவரை ஒட்டி உள்ளே விட்டு, அடியில் உள்ள தூசியை மெல்லக் கிளறி வெளியே இழுங்கள். அவசரம் வேண்டாம், இரண்டு பக்கமும் மாறி மாறிச் செய்யுங்கள்.

4. துளையைக் கீழ்நோக்கிப் பிடித்து உள்ளங்கையில் இரண்டு தட்டுத் தட்டுங்கள். தளர்ந்த தூசி விழுந்துவிடும்.

எச்சரிக்கை: ஊக்கு, ஊசி, சிம் எடுக்கும் கம்பி இவற்றில் எதையும் துளைக்குள் விடாதீர்கள். உலோகம் இரண்டு முனைகளைச் சேர்த்துத் தொட்டால் போர்டு போய்விடும். வாயால் ஊதாதீர்கள்; எச்சில் ஈரம் உள்ளே போகும். பஞ்சர் கடைக் கம்ப்ரசரில் காற்றடிப்பதை இந்தப் பக்கம் பார்த்திருக்கிறேன். அந்த வேகத்தில் தூசியோடு தண்ணீர்த் துளியும் எண்ணெயும் சேர்ந்து உள்ளே இறங்கும். மைக், ஸ்பீக்கர் சவ்வும் கிழியலாம். மண்ணெண்ணெய், தின்னர், தேங்காய் எண்ணெய் எதுவும் கூடாது.

மலையிலிருந்து இறங்கிய மொபைலுக்கு மட்டும்

வெள்ளி நீர்வீழ்ச்சிச் சாரலில் நின்று படம் எடுத்திருப்பீர்கள். கொடைக்கானல் பனிமூட்டத்தில் நாள் முழுக்க மொபைல் கையிலேயே இருந்திருக்கும். கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே குளிர்ந்துபோன மொபைலைப் பைக்குள் அடியில் வைத்து, மலையடிவாரத்தில் உள்ள காட்ரோட்டுக்கு இறங்கி, இங்குள்ள வெப்பமும் ஈரமுமான காற்றில் எடுத்தால் அதன் உலோகப் பகுதிகளில் ஈரம் பூக்கலாம். இப்போது வரும் பல மொபைல்களில் துளையில் ஈரம் இருந்தால் உணரும் ஏற்பாடு இருக்கிறது. ஈரம் பட்டால் நீர்த்துளிப் படம் காட்டி எச்சரிக்கும்; இணைப்பைத் துண்டிக்கும். அந்த நேரத்தில் எந்தக் கேபிளை மாற்றியும் பயனில்லை.

1. கேபிளைக் கழற்றுங்கள். சார்ஜரிலும் போடாதீர்கள். ஈரமான முனையில் மின்சாரம் பாய்ந்தால் முனைகள் பச்சை பூத்து அரித்துப்போகும்.

2. துளையைக் கீழ்நோக்கி வைத்து உள்ளங்கையில் மெல்லத் தட்டுங்கள்.

3. காற்றோட்டமான இடத்தில் நிறுத்தி வையுங்கள். மின்விசிறிக் காற்று போதும். அரைமணி நேரம் கழித்து மீண்டும் இணைத்துப் பாருங்கள். எச்சரிக்கை மறுபடியும் வந்தால் விட்டுவிடுங்கள். முழுதாகக் காய ஒரு நாள்கூட ஆகலாம்.

அரிசிப் பானைக்குள் புதைக்க வேண்டாம். அரிசித் தவிடும் நொய்யும் துளைக்குள் புகுந்து கேடு செய்யும் என்று ஆப்பிள் நிறுவனமே தன் வழிகாட்டுதலில் எச்சரிக்கிறது. ஹேர் டிரையர் சூடும் கூடாது.

படி 4: கம்ப்யூட்டர் பக்கம்

மொபைலும் கேபிளும் சரி என்று தெரிந்த பிறகுதான் இங்கே வர வேண்டும். மேசைக் கம்ப்யூட்டரில் முன்பக்க யுஎஸ்பி பாயின்ட்டுகள் உள்ளே ஒரு நீண்ட ஒயர் வழியாகத்தான் மதர்போர்டுக்குப் போகின்றன. அது தளர்ந்திருப்பது வெகு சாதாரணம். பின்பக்கத்தில், மதர்போர்டிலேயே பதிந்த பாயின்ட்டில் செருகுங்கள். இடையில் யுஎஸ்பி ஹப், நீட்டிப்புக் கேபிள் எதுவும் வேண்டாம்.

அடுத்து ரீஸ்டார்ட். 'ஷட்டவுன்' கொடுத்துவிட்டு மறுபடி ஆன் செய்வது இதற்குச் சமமல்ல. விண்டோஸ் 8-இலிருந்து ஷட்டவுன் செய்யும்போது அது பழைய நிலையின் ஒரு பகுதியைச் சேமித்து வைத்து, மறுமுறை அதையே எழுப்புகிறது. 'ரீஸ்டார்ட்' கொடுத்தால்தான் புதிதாகத் தொடங்கும். மொபைலையும் ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள். இதற்குப் பிறகும் தெரியவில்லை என்றால்:

1. மொபைலை இணைத்துப் பூட்டைத் திறந்து, ஃபைல் டிரான்ஸ்ஃபரைத் தேர்வு செய்து வையுங்கள்.

2. ஸ்டார்ட் பட்டன் மேல் ரைட் கிளிக் செய்து 'டிவைஸ் மேனேஜர்' திறங்கள்.

3. 'போர்ட்டபிள் டிவைசஸ்' என்ற தலைப்பின் கீழ் உங்கள் மொபைல் இருக்கிறதா பாருங்கள். கேபிளைக் கழற்றிச் செருகும்போது பட்டியலில் எது மறைந்து வருகிறதோ அதுவே உங்கள் மொபைல், எந்தப் பெயரில் இருந்தாலும்.

4. அதன்மேல் மஞ்சள் முக்கோணம் இருந்தால், ரைட் கிளிக் செய்து 'அன்இன்ஸ்டால் டிவைஸ்' கொடுங்கள். இது மொபைலில் எதையும் அழிக்காது. கேபிளைக் கழற்றி, கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்து, மீண்டும் இணையுங்கள். விண்டோஸ் தன்னிடம் உள்ள டிரைவரைத் தானே போட்டுக்கொள்ளும்.

5. மஞ்சள் போகவில்லையா? ரைட் கிளிக், 'அப்டேட் டிரைவர்', 'பிரவுஸ் மை கம்ப்யூட்டர்', அடுத்து 'லெட் மீ பிக்'. பட்டியலில் 'எம்டிபி யுஎஸ்பி டிவைஸ்' என்பதைத் தேர்வு செய்யுங்கள்.

6. கொஞ்ச நேரம் வேலை செய்துவிட்டுத் துண்டித்துக்கொள்கிறது என்றால், அதே டிவைஸ் மேனேஜரில் கடைசியில் உள்ள 'யுஎஸ்பி ரூட் ஹப்' ஒவ்வொன்றிலும் 'ப்ராப்பர்ட்டீஸ்' சென்று, 'பவர் மேனேஜ்மென்ட்' பக்கத்தில் மின்சிக்கனத்துக்காக அணைக்க அனுமதிக்கும் குறியை எடுத்துவிடுங்கள்.

இங்கே அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று. பட்டியலில் 'அன்நோன் யுஎஸ்பி டிவைஸ்' என்றும், உள்ளே 'கோடு 43' என்றும் வந்தால் மக்கள் டிரைவரை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். ஏதோ செருகப்பட்டிருக்கிறது என்று கம்ப்யூட்டருக்குத் தெரிகிறது, 'நீ யார்' என்று அது கேட்டதற்குச் சரியான பதில் வரவில்லை என்பதே பெரும்பாலும் அந்த எண்ணின் பொருள். பதில் வழியில் தடுமாறுகிறது. ஆகவே ஒருமுறை ரீஸ்டார்ட் செய்து பார்த்துவிட்டு, டிரைவரை விட்டுக் கேபிளுக்கும் துளைக்கும் திரும்புங்கள்.

பழைய இலவச லேப்டாப்

தமிழக அரசு 2011 முதல் மாணவர்களுக்குக் கொடுத்த லேப்டாப்கள் இன்னும் பல வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன. பழைய லேப்டாப்பில் இருக்கும் விண்டோஸ் 7-க்கு மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரியோடு ஆதரவை நிறுத்திவிட்டது. அதில் புதிய மொபைலை இணைத்தால் முதல் தடவை டிரைவர் ஏறச் சில நிமிடங்கள் ஆகும், பொறுமையாக விடுங்கள். ஏறவில்லை என்றால் பிடிபி வழியை முயலுங்கள். லேப்டாப்பில் லினக்ஸ் இருந்தால் ஃபைல் மேனேஜரின் இடப்பக்கப் பட்டியில் மொபைல் வரும். பழைய பதிப்பில் வராவிட்டால் அங்கும் பிடிபிதான். வைரஸ் தடுப்பு புதுப்பிக்கப்படாத விண்டோஸ் 7-ல் படங்களை மட்டும் நகலெடுங்கள். வங்கி வேலை எதையும் அதில் செய்யாதீர்கள்.

ஐபோன் என்றால்

1. பூட்டைத் திறந்த நிலையில் இணையுங்கள். 'டிரஸ்ட் திஸ் கம்ப்யூட்டர்?' என்று கேட்கும். 'டிரஸ்ட்' தட்டி, பாஸ்கோடு போடுங்கள்.

2. எப்போதோ 'டோன்ட் டிரஸ்ட்' தட்டிவிட்டு இப்போது கேள்வியே வரவில்லை என்றால்: செட்டிங்ஸ், ஜெனரல், 'டிரான்ஸ்ஃபர் ஆர் ரீசெட் ஐபோன்', 'ரீசெட்', அதில் 'ரீசெட் லொகேஷன் அண்ட் ப்ரைவசி'. கவனம்: 'இரேஸ் ஆல் கன்டென்ட்' என்பதும் அதே பக்கத்தில் இருக்கிறது. அதைத் தொட்டுவிடாதீர்கள்.

3. விண்டோஸில் மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலிருந்து 'ஆப்பிள் டிவைசஸ்' செயலியைப் போட்டால் தேவையான டிரைவரும் சேர்ந்து வரும்.

4. படங்கள் தெரிகின்றன, நகலெடுக்கும்போது பாதியில் பிழை காட்டி நிற்கிறது என்றால், ஐபோனில் போட்டோஸ் செட்டிங்ஸின் அடியில் 'டிரான்ஸ்ஃபர் டு மேக் ஆர் பிசி' என்பதை 'கீப் ஒரிஜினல்ஸ்' என்று மாற்றுங்கள்.

ஆண்ட்ராய்டு மொபைலை மேக் கம்ப்யூட்டரில் இணைத்தால் தானாகத் தெரியாது. 'ஓபன் எம்டிபி' போன்ற இலவசச் செயலி வேண்டும்.

குற்றவாளி யார் என்று பிரிக்கும் சோதனை

எல்லாம் செய்தும் தெரியவில்லை. மொபைல் கெட்டிருக்கிறதா, கம்ப்யூட்டர் கெட்டிருக்கிறதா? ஓடிஜி அடாப்டர் என்ற சிறு பொருள் இதைத் தீர்த்துவைக்கும். ஒரு பக்கம் டைப்-சி அல்லது மைக்ரோ யுஎஸ்பி முனையும் மறுபக்கம் பென் டிரைவ் நுழையும் வாயும் உள்ளது அது. விலை குறைவு, எந்த மொபைல் கடையிலும் கிடைக்கும்.

அதை மொபைலில் செருகி, பென் டிரைவைப் போடுங்கள். சில நிறுவனங்களின் மொபைல்களில் செட்டிங்ஸில் 'ஓடிஜி' என்று தேடி முதலில் அதை ஆன் செய்ய வேண்டும். பென் டிரைவ் மொபைலில் திறந்தால், மொபைலின் தகவல் முனைகள் நன்றாக இருக்கின்றன. கோளாறு கேபிளிலோ கம்ப்யூட்டரிலோ. வேறு மொபைலில் திறக்கும் பென் டிரைவ் உங்கள் மொபைலில் திறக்கவே இல்லை என்றால் துளையோ உள்ளிருக்கும் சார்ஜிங் போர்டோ பழுது. பென் டிரைவ் திறந்தவர்களுக்கு இன்னொரு லாபமும் உண்டு: கம்ப்யூட்டரே வேண்டாம், படங்களை நேராகப் பென் டிரைவுக்கே நகலெடுத்துவிடலாம்.

திரை தொடுதலுக்கு வேலை செய்யாத மொபைலுக்கும் இதே அடாப்டர்தான் வழி. மலைப்பாதை வளைவில் கைநழுவி விழுந்த மொபைலில் படம் தெரியும், விரல் பட்டால் ஒன்றும் நடக்காது. அடாப்டரில் ஒரு சாதாரண யுஎஸ்பி மவுஸைச் செருகுங்கள். திரையில் அம்புக்குறி வரும். அதைக் கொண்டு பேட்டர்ன் போட்டுப் பூட்டைத் திறந்து, உள்ளே உள்ளதை எடுத்துவிடலாம். மவுஸும் கேபிளும் ஒரே துளையில் சேராது என்பதால், சிறிய யுஎஸ்பி ஹப் ஒன்றில் மவுஸையும் பென் டிரைவையும் சேர்த்துப் போடுவது வசதி.

மொபைல் தெரிந்துவிட்டது, இனி நகலெடுக்கும்போது

'கட்' செய்யாதீர்கள், 'காப்பி' செய்யுங்கள். இது பென் டிரைவ் அல்ல. எம்டிபி வழி நடுவில் திணறும். ஆயிரக்கணக்கான படங்களை ஒரே மூச்சில் இழுக்காமல், சிறு சிறு தொகுப்பாக எடுங்கள். கேமராப் படங்கள் டிசிஐஎம் ஃபோல்டருக்குள் 'கேமரா' என்பதில் இருக்கும். வாட்ஸ்அப்பில் வந்தவை ஆண்ட்ராய்டு 11-க்குப் பின் 'ஆண்ட்ராய்டு' ஃபோல்டருக்குள், 'மீடியா'வுக்குள், வாட்ஸ்அப் பெயருள்ள ஃபோல்டரில் இருக்கும். கம்ப்யூட்டரில் சில படங்களைத் திறந்து பார்த்து, எண்ணிக்கையும் சரியா என்று ஒப்பிட்ட பிறகுதான் மொபைலில் அழியுங்கள்.

கேபிள் ஒத்துவராதபோது

ஒரே வைஃபையில் மொபைலும் விண்டோஸ் லேப்டாப்பும் இருந்தால் கூகுளின் 'குயிக் ஷேர்' போதும். லேப்டாப்பில் அதற்கான செயலியைக் கூகுள் தளத்திலிருந்து போட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் வைஃபை இல்லையென்றால் இன்னொரு மொபைலின் ஹாட்ஸ்பாட் உதவும். மெமரி கார்டு உள்ள மொபைலில் கார்டைக் கழற்றி, கார்டு ரீடரில் போட்டுவிடலாம். மொபைலை அணைத்த பிறகே கழற்றுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்புவதாக இருந்தால் 'டாக்குமென்ட்' ஆக அனுப்புங்கள். படமாக அனுப்பினால் சுருக்கிவிடும். சான்றிதழ் ஸ்கேனில் எழுத்து மங்கிப்போய் விண்ணப்பம் திரும்பி வர அது ஒன்றே போதும்.

பழுது பார்க்கக் கொடுக்கும்போது

ஓடிஜி சோதனையில் மொபைல் தோற்றிருந்தால் மட்டும் கடைக்குப் போங்கள். உத்தரவாதக் காலம் முடியாவிட்டால் திண்டுக்கல்லிலோ மதுரையிலோ உள்ள அந்தந்த நிறுவனத்தின் சர்வீஸ் சென்டருக்கு.

1. கிளம்பும் முன் படங்களை வைஃபை வழியாக எடுத்துவிடுங்கள். சிம், மெமரி கார்டு இரண்டையும் கழற்றிக்கொள்ளுங்கள்.

2. "கம்ப்யூட்டர்ல காட்டல" என்று மட்டும் சொன்னால் சாஃப்ட்வேர் போட்டுவிடுவார்கள். அதில் எல்லாம் அழிந்துபோகலாம். "சார்ஜ் ஏறுது, டேட்டா லைன் போகல, ஓடிஜியும் எடுக்கல, சாஃப்ட்வேர் எதுவும் போட வேண்டாம்" என்று சொல்லுங்கள்.

3. பின் நம்பரைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுக்காதீர்கள். சாம்சங், பிக்சல் மொபைல்களில் பழுது பார்ப்பவருக்கு உங்கள் தகவலை மறைக்கும் வசதி இருக்கிறது. அதை ஆன் செய்து கொடுங்கள். மற்றவற்றில், திறக்க வேண்டிய நேரத்தில் அருகில் இருந்து நீங்களே திறந்துவிடுங்கள்.

4. மலிவான மாற்றுச் சார்ஜிங் போர்டுகளில் சில, சார்ஜை மட்டும் ஏற்றும், தகவலைக் கடத்தாது. வேகச் சார்ஜும் போய்விடும். ஆகவே போர்டு மாற்றியதும் கவுன்டரிலேயே, நீங்கள் கொண்டுபோன 'டேட்டா' கேபிளில் கடைக் கம்ப்யூட்டரோடு இணைத்து, முனையைத் திருப்பியும் ஒருமுறை செருகி, ஒரு படத்தைத் திறந்து பாருங்கள். பிறகு பணம் கொடுங்கள். மாற்றிய போர்டுக்கு எத்தனை நாள் பொறுப்பு என்பதைப் பில்லில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.